வணிகப் பேச்சுவார்த்தை கற்க விரும்பும் செட்டிநாட்டாருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏற்றுமதி ஆவண வேலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். இப்போது காரைக்குடியில் ஞாயிறு காலைகளில் ஒரு சிறிய வகுப்பு நடத்துகிறேன். கல்லூரி மாணவர்கள், ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்காரர்களின் பிள்ளைகள், ஓலைக் கொட்டான் (கூடை) பின்னும் பெண்கள், பலகாரக் கடைக்காரர்கள் என்று பலர் வருகிறார்கள். நாடுகளுக்கிடையே வணிக ஒப்பந்தங்கள் எப்படிப் பேசி முடிக்கப்படுகின்றன, அதற்கு என்ன அறிவும் பழக்கமும் வேண்டும் என்பதுதான் பாடம். வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒப்பந்தங்களை டெல்லியும் ஜெனீவாவும் பேசிக்கொள்ளும். காரைக்குடியில் இருக்கும் எனக்கு இதில் என்ன வேலை, சார்?

உங்கள் அடுப்பிலிருந்தே தொடங்குகிறேன். இன்று நம் ஊர்ப் பலகாரக் கடைகள் பலவற்றில் முறுக்கும் சீப்புச் சீடையும் வேகும் எண்ணெய் பாமாயில். அது பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. அதன்மேல் இந்தியா எவ்வளவு வரி வரை விதிக்கலாம் என்பதை தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுடன் நாம் செய்துகொண்ட ஒப்பந்தம் பேசுகிறது. 2003-இல் பேச்சின் வரையறையைச் சொல்லும் சட்டக ஒப்பந்தம் போட்டு, 2009 ஆகஸ்டு 13 அன்று சரக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, 2010 ஜனவரி 1-இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆறு ஆண்டுப் பேச்சு. பாமாயில் வரி இறங்க வேண்டும் என்று அவர்கள் நெருக்கினார்கள். நம் எண்ணெய் வித்து விவசாயிகளும் கேரளத்து மிளகுக்காரர்களும் கலங்கினார்கள். முடிவில் ஐந்து பொருட்களுக்குத் தனிப் பாதை போடப்பட்டது. கச்சா பாமாயில் 80 சதவீதத்திலிருந்து 37.5 வரை மட்டும் இறங்கும்; சுத்திகரித்த பாமாயில் 90-இலிருந்து 45 வரை; மிளகு 70-இலிருந்து 50 வரை; தேயிலையும் காப்பியும் 100-இலிருந்து 45 வரை. அதுவும் ஒரே நாளில் இல்லை, 2019 முடிய மெல்ல மெல்ல.

மிளகுக்கு ஏன் அந்தத் தனிப் பாதை கிடைத்தது? மிளகின் பெயரைச் சொல்ல ஆள் இருந்தது. எத்தனை குடும்பம் அதை நம்பியிருக்கிறது, விலை எவ்வளவு விழுந்தால் தோட்டம் காய்ந்துபோகும் என்ற கணக்கு பேசப் போனவர்களின் கோப்பில் இருந்தது. பட்டியலில் ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கும். யாரும் வாய் திறக்காத பொருள் பொதுக் கணக்கில் போய்ச் சேரும். ஆத்தங்குடித் தரைக்கல்லையும் கொட்டானையும் கண்டாங்கிச் சேலையையும் பற்றி எனக்கு இருக்கும் கவலை இதுதான். இந்த வகுப்பை நான் நடத்துவதும் இதனால்தான்.

நம் முன்னோர்கள் எந்தப் பாடமும் படிக்காமல் பர்மாவிலும் மலேயாவிலும் கொடிகட்டிப் பறந்தார்களே?

படிக்காமல் என்று யார் சொன்னது? எங்கள் ஐயா, அதாவது அப்பச்சியின் (தகப்பனாரின்) அப்பா, பத்து வயதுக்குள் எண்சுவடியை (வாய்பாட்டை) மனப்பாடமாகச் சொன்னவர். மாகாணி, அரைக்கால், முந்திரி வரை பின்னக் கணக்கு வாயிலேயே ஓடும். பெட்டியடிப் பையனாக, அதாவது கடைப் பெட்டியருகே இருந்து தொழில் கற்கும் சிறுவனாக, ரங்கூன் போனார். பெட்டியடியில் உட்கார்ந்து பெரியவர்கள் கடன் கேட்டு வருபவனிடம் என்ன கேட்கிறார்கள், எதைக் கேட்காமல் விடுகிறார்கள் என்று ஆண்டுக்கணக்கில் பார்த்த பிறகுதான் அடுத்தாள் (முகவருக்கு உதவியாளர்) ஆனார். மூன்று ஆண்டுத் தவணை முடிந்தால் ஐந்தொகை (முடிவுக் கணக்கு) எடுத்து ஊருக்கு அனுப்ப வேண்டும். லாபம் மட்டும் போதாது, எந்தக் கடன் வராது என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். இதைவிடக் கண்டிப்பான பயிற்சியை நான் எந்தக் கல்லூரியிலும் பார்த்ததில்லை.

அவர்களுக்கு இல்லாமல் போனது வேறு. நாடுகள் பேசும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. 1930-களில் நெல் விலை சரிந்தபோது, முன்பு வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் பர்மிய விவசாயிகளின் நிலம் செட்டியார் கைக்கு வந்தது. முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த செட்டியார் நிலம் 1938-இல் கால் பங்காகிவிட்டது. நிலத்தை இழந்தவனின் வயிற்றெரிச்சலையும் நாம் மறந்துவிடக் கூடாது. இதற்கிடையில் 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. முந்தைய நாள் வரை ஒரே அரசின் கீழ் இருந்த மூலதனம், மறுநாள் வெளிநாட்டு மூலதனம் ஆனது. 1942-இல் போர். 1948-இல் நில தேசியமயச் சட்டம். எங்கள் வீட்டு மாடியில் ஒரு தகரப் பெட்டி நிறைய ரங்கூன் பத்திரங்கள் இருக்கின்றன. அழகான கையெழுத்து, ஒரு எழுத்துப் பிசகில்லை. அந்தத் தாள்களுக்குப் பின்னால் இரண்டு அரசுகளின் உறுதிமொழி ஏதும் இல்லாததால் அவை இன்று பெட்டியில் கிடக்கின்றன.

கணக்கு தெரிந்தவர்களுக்கு ஒப்பந்தமும் தெரிய வேண்டும் என்று நான் சொல்வதற்கு அந்தப் பெட்டியே காரணம்.

பேரம் பேசுவது எங்கள் ரத்தத்திலேயே இருக்கிறது. அதுவும் இதுவும் ஒன்றுதானே?

சந்தைப் பேரத்தில் நீங்கள் ஒருவர், எதிரில் ஒருவர். விலை படிந்தால் பணம் கைமாறும், கதை முடிந்தது. நாடுகளின் பேச்சில் மேசைக்கு எதிரில் இருப்பவரோடு பேசுவது பாதி வேலை. மீதிப் பாதி, உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பவர்களோடு: விவசாயிகள், ஆலைக்காரர்கள், மாநில அரசுகள், நிதித் துறை. அவர்கள் ஒப்பாத எதையும் நீங்கள் கொடுக்க முடியாது. கொடுத்தால் ஒப்பந்தம் ஊருக்கு வந்து சேராது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. நாடுகளின் வணிக விதிகளைப் பேசி முடிக்கும், ஜெனீவாவில் உள்ள உலக வர்த்தக அமைப்பில் ஒரு நாட்டுக்குக் கொடுத்த சலுகையை மற்ற உறுப்பு நாடுகளுக்கும் கொடுக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. 1947-இல் 23 நாடுகள் ஜெனீவாவில் கையெழுத்திட்ட காட் எனும் வரி, வணிகப் பொது ஒப்பந்தத்திலேயே அது முதல் விதியாக இருந்தது. அந்த 23 பேரில் இந்தியாவும் ஒன்று. தடையற்ற வணிக ஒப்பந்தம் என்பது அந்த விதிக்குக் கொடுக்கப்பட்ட விலக்கு. ஆகவே எந்த மேசையில் எதைக் கொடுக்கிறோம் என்பதே முதல் முடிவாகிவிடுகிறது.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் பொருளின் எண்ணிலிருந்து. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நான் கையைச் சுட்டுக்கொண்ட இடம் இது.

உலகில் விற்கப்படும் எல்லாச் சரக்குக்கும் ஒரு சுங்கக் குறியீடு உண்டு. உலக சுங்க அமைப்பு பராமரிக்கும் எச்.எஸ். பட்டியலில் முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. இந்தியா அதற்குமேல் இரண்டு சேர்த்து எட்டு இலக்கமாக வைத்திருக்கிறது. வரி, தடை, சலுகை, பேச்சு எல்லாம் அந்த எண்ணின் மேல்தான் நடக்கும். ஊர்ப் பெயருக்கு அங்கே இடமில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவுக்கு ஒரு கண்டெய்னர் ஆத்தங்குடிக் கல் அனுப்பினேன். வாங்குபவர் கடிதத்தில் 'செராமிக் டைல்ஸ்' என்று எழுதியிருந்தார். நானும் அதையே பில்லில் எழுதிவிட்டேன். அங்கே சுங்க அதிகாரி ஒரு கல்லை எடுத்து உடைத்துப் பார்த்திருக்கிறார். உள்ளே சிமெண்ட். பில்லில் இருப்பது பீங்கான். பத்தொன்பது நாள் கண்டெய்னர் துறைமுகத்தில் நின்றது. தாமதக் கட்டணம் என் லாபத்தைத் தின்றுவிட்டு முதலையும் கடித்தது.

ஆத்தங்குடிக் கல் எப்படி உருவாகிறது என்று பட்டறையில் நின்று பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கீழே ஒரு கண்ணாடித் தகடு. அதன்மேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் வண்ணம் கலந்த சிமெண்ட் பாலைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். கை ஆடாமல் அச்சைத் தூக்கியதும் பூ நிற்கிறது. மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, ஈரக் கலவையைப் போட்டு மட்டம் செய்து, காயவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுகிறார்கள். கண்ணாடி பிரிந்ததும் அதன் மினுமினுப்பு கல்லில் தங்கிவிடுகிறது. எங்கேயும் சூளை இல்லை. சுடாத கல் பீங்கான் ஆகாது. அது எச்.எஸ். பட்டியலில் பீங்கானுக்கான 69-ஆம் அத்தியாயத்துச் சரக்கு இல்லை. 68-ஆம் அத்தியாயத்தில் 6810, சிமெண்டால் ஆன பொருட்கள்.

வெறும் எண் விவகாரம் என்று தள்ளிவிடாதீர்கள். 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியாவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் வரும் பீங்கான் டைல்ஸ் மேல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி, அதாவது மலிவு விலையில் கொண்டுவந்து கொட்டுவதைத் தடுக்கும் கூடுதல் வரி, போட்டது. ஆத்தங்குடிக் கல்லை இன்றைக்கு யாராவது 'செராமிக்' என்று எழுதினால், சூளையைக் கண்ணால் பார்த்திராத நம் பட்டறைக்காரர் அந்த வரியில் மாட்டிக்கொள்வார்.

எனவே முதல் வாரப் பாடம் இதுதான்: உங்கள் பொருள் எதனால் ஆனது, எப்படி ஆனது, அதன் எண் என்ன. ஓலைக் கொட்டான் 4602. அப்பளம் 1905. கண்டாங்கிச் சேலை பருத்தித் துணிகளின் 52-ஆம் அத்தியாயம். இதைத் தெரிந்துகொள்ள டெல்லி போக வேண்டியதில்லை.

வரி விகிதம் என்றால் ஒன்றுதானே? ஏன் இரண்டு எண் சொல்கிறார்கள்?

ஒன்று, இதற்குமேல் போக மாட்டோம் என்று உலக வர்த்தக அமைப்பில் எழுதிக் கொடுத்த உச்ச வரம்பு. இன்னொன்று, இன்று சுங்கத்தில் உண்மையில் வாங்கும் வரி. இந்தியாவின் உச்ச வரம்பு சராசரியாக 50 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. வாங்கும் வரி அதில் பாதிகூட இல்லை. பேச்சில் எதிர்த் தரப்பு 'வரியைப் பாதியாகக் குறைக்கிறோம்' என்றால், எந்த வரியை என்று கேளுங்கள். உச்ச வரம்பு 60, வாங்குவது 20 என்று இருக்கும்போது வரம்பை 30 ஆக்கினால் உங்கள் சரக்குக்கு ஒரு பைசா லாபமில்லை. வருங்காலத்தில் ஏற்ற மாட்டார்கள் என்ற பாதுகாப்பு மட்டும் கிடைக்கும். அதற்கும் ஒரு விலை உண்டு, ஆனால் பாதி வரிக்கான விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

பிறப்பிட விதி என்றால் என்ன? இதில் ஏன் இவ்வளவு சண்டை?

ஒப்பந்தச் சலுகை அந்த நாட்டில் உண்டான சரக்குக்கு மட்டும். எது உண்டானது என்பதைச் சொல்வது பிறப்பிட விதி. வரி பற்றிய பேச்சு செய்தித்தாளில் வரும். இந்த விதி பின்னிணைப்பில் கிடக்கும். பலன் யாருக்கு என்பதை முடிவு செய்வது பின்னிணைப்புதான்.

பக்கத்து இலங்கையைப் பாருங்கள். 1998 டிசம்பர் 28-இல் கையெழுத்தாகி 2000 மார்ச் 1-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம். அப்போது இந்தியாவில் பாமாயிலுக்கு வரி அதிகம். என்ன நடந்தது? இலங்கையில் வனஸ்பதி ஆலைகள் முளைத்தன. வெளிநாட்டுப் பாமாயில் கொழும்பில் இறங்கி, வனஸ்பதியாக மாறி, சலுகை வரியில் இந்தியாவுக்குள் வந்தது. உள்நாட்டில் 35 சதவீதம் மதிப்புக் கூட்ட வேண்டும், சுங்கக் குறியீட்டின் நான்கு இலக்கத் தலைப்பு மாற வேண்டும் என்று விதி இருந்தது. காகிதத்தில் அது கண்டிப்பாகத்தான் தெரிந்தது. இந்திய ஆலைகள் கூக்குரலிட, கடைசியில் அளவுக் கட்டுப்பாடு பேசி முடிக்க வேண்டியதாயிற்று. விதியை எழுதும்போதே 'இந்த ஓட்டை வழியாக யார் வருவார்கள்' என்று யோசிக்கும் பழக்கம் வேண்டும். எங்கள் வகுப்பில் ஒவ்வொரு விதிக்கும் ஒருவரை எதிர்த்தரப்பு வியாபாரியாக உட்கார வைத்து, அதை எப்படி ஏமாற்றுவது என்று கண்டுபிடிக்கச் சொல்கிறேன். நம் பிள்ளைகள் கால் மணி நேரத்தில் நான்கு வழி சொல்லிவிடுகிறார்கள்.

பேச்சு மேசையில் உண்மையில் என்னதான் நடக்கும்?

எழுத்து வேலை. பெரும்பாலும் அலுப்பூட்டும் எழுத்து வேலை. ஒரு வரைவு மேசைக்கு வரும். ஒப்பாத சொற்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் வைப்பார்கள். ஒரு வாக்கியத்திலேயே மூன்று நாடுகளின் மூன்று அடைப்புக்குறி இருக்கும். பேச்சு என்பது ஒவ்வொரு குறியாக அகற்றுவது. எல்லாம் முடியும்வரை எதுவும் முடியவில்லை என்பது எழுதப்படாத ஒழுங்கு.

ஒரு சொல்லுக்காக இரவு முழுவதும் உட்காருவார்கள். 'ஷல்' என்றால் கட்டாயம். 'ஷுட்' என்றால் நல்லது, செய்தால் சரி. 'எண்டெவர்' என்றால் முயன்று பார்க்கிறோம், முடியவில்லை என்றால் கேட்காதீர்கள். பணக்கார நாடுகள் தொழில்நுட்ப உதவி பற்றி எழுதும் இடத்தில் மூன்றாவது சொல் அடிக்கடி வரும். நாம் செய்ய வேண்டியவற்றில் முதல் சொல் வரும். இதை எண்ணிப் பார்க்கும் கண் வந்துவிட்டால் பாதிப் பேச்சாளர் ஆகிவிட்டீர்கள்.

ஒரு ஞாயிறு ஒத்திகை வைத்தோம். தேவகோட்டைப் பையன் ஒருவன் இந்தியத் தரப்பு. பள்ளத்தூர்ப் பெண் ஒருத்தி எதிர்த் தரப்பு. இவன் சொன்ன முதல் எண் 10 சதவீதம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டில் எதையோ எழுதினாள். அரை நிமிடம் அமைதி. அவன் தானாகவே '8' என்றான். அவள் இன்னொரு வரி எழுதினாள். '5' என்றான். முடிந்த பிறகு ஏன் இறங்கினாய் என்று கேட்டேன். "கோபமாக இருக்கிறாளோ என்று நினைத்தேன், சார்" என்றான். நோட்டை வாங்கிப் பார்த்தோம். அவன் சொன்ன எண்களைத்தான் வரிசையாக எழுதியிருந்தாள். அமைதியைத் தாங்கும் பயிற்சியை அன்றிலிருந்து பாடத்திலேயே சேர்த்துவிட்டேன். ஒரு எண் சொன்னபின் எதிர்த் தரப்பு வாய் திறக்கும் வரை நாம் பேசக் கூடாது. கேட்க எளிது, நம்மவர்களுக்கு விருந்தாளி சும்மா இருந்தால் பொறுக்காது.

'முடியாது' என்று எழுந்து வரலாமா? நாட்டுக்குக் கெட்ட பெயர் வராதா?

வரலாம், எழுந்தால் எங்கே போவோம் என்று தெரிந்திருந்தால். 2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில், ஆசிய-பசிபிக் நாடுகள் பல சேர்ந்து பேசிய ஆர்செப் வணிக ஒப்பந்தப் பேச்சிலிருந்து இந்தியா விலகியது. அது சரியா தவறா என்று இன்றும் வாதம் உண்டு. ஆனால் அதன்பின் 2022-இல் ஐக்கிய அரபு அமீரகத்தோடும் ஆஸ்திரேலியாவோடும் தனித்தனியே ஒப்பந்தம் செய்தார்கள். அமீரகத்தோடு பேச்சு 88 நாளில் முடிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு 2007-இல் தொடங்கிய பேச்சோ 2013-இல் நின்றுபோய், 2022-இல்தான் திரும்பத் தொடங்கியது.

எனக்குப் பிடித்த உதாரணம் ரேஷன் அரிசி. அரசு ஆதரவு விலை கொடுத்து நெல் வாங்கிச் சேமித்து வைப்பதை உலக வர்த்தக அமைப்பின் வேளாண் ஒப்பந்தம் மானியமாகக் கணக்கிடுகிறது. அதுவும் 1986-88 காலத்து விலையோடு ஒப்பிட்டு. அந்தக் கணக்கின் அநியாயம் நம் ஊர் ரேஷன் கடை வரிசையில் நிற்கும் எவருக்கும் புரியும். 2013-இல் அந்த அமைப்பின் பாலி மாநாட்டில், இதற்காக நம்மேல் வழக்குத் தொடுக்கக் கூடாது என்ற தற்காலிகப் பாதுகாப்பு ஒன்று கிடைத்தது. கூடவே சுங்க நடைமுறைகளை எளிதாக்கும் வேறொரு ஒப்பந்தமும் முடிவானது. அதைப் பணக்கார நாடுகள் அவசரமாகக் கேட்டன. 2014 ஜூலையில் இந்தியா அந்த இரண்டாவதற்குக் கை தூக்க மறுத்தது. எல்லோரும் ஒப்பினால்தான் முடிவு என்ற விதி இருப்பதால் எல்லாம் நின்றது. உலகம் முழுதும் நம்மைத் திட்டியது. நவம்பரில், நிரந்தரத் தீர்வு வரும்வரை அந்தப் பாதுகாப்பு தொடரும் என்று தெளிவாக எழுதி வாங்கிய பிறகே வழிவிட்டோம். நமக்குத் தேவையான ஒன்றை, அவர்களுக்கு அவசரமானதோடு முடிச்சுப் போட்ட விதத்தை நன்றாகப் படியுங்கள்.

எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. முடியுமா?

முடியும். மேடைப் பேச்சு ஆங்கிலம் இதற்குத் தேவையில்லை. ஒப்பந்த ஆங்கிலம் சில நூறு சொற்கள்தான், அவையே திரும்பத் திரும்ப வரும். ஒரு எச்சரிக்கை மட்டும். தமிழில் 'நீங்கள் இதைத் தந்தால்' என்ற நிபந்தனை முன்னால் வரும், 'நாங்கள் தருகிறோம்' என்ற வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் வாக்குறுதி முதலில் வந்து நம்மை மகிழ்வித்துவிடும். 'சப்ஜெக்ட் டு' (இதற்கு உட்பட்டு), 'புரொவைடெட் தட்' (இது நடந்தால் மட்டும்) என்று தொடங்கும் வால் மூன்று வரி தள்ளித் தொங்கும். ஆகவே ஒவ்வொரு பிரிவையும் தமிழில் சொல்லிப் பாருங்கள். தமிழில் சொல்லும்போது நிபந்தனையை முன்னால் கொண்டுவந்தே ஆக வேண்டும், ஒளிய இடமிருக்காது. நல்ல ஆங்கிலம் பேசும் மாணவர்களைவிட இப்படிப் படிப்பவர்கள் அதிகம் கண்டுபிடிக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டதே, இனி வெளிநாட்டில் யாரும் போலி செய்ய முடியாது அல்லவா?

முடியும் என்பதுதான் வருத்தம். காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் குறியீடு கிடைத்தது. செட்டிநாட்டுக் கொட்டானுக்கும் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவு இந்தியாவுக்குள்தான் செல்லும். வெளிநாட்டில் பாதுகாப்பு வேண்டுமானால் அங்கே பதிவு செய்ய வேண்டும், அல்லது இரு நாட்டு ஒப்பந்தத்தில் நம் பெயர்ப் பட்டியலைச் சேர்க்க வேண்டும்.

அறிவுசார் சொத்துரிமை பற்றிய டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் 22-ஆம் பிரிவு எல்லாக் குறியீடுகளுக்கும் ஒரு பொதுப் பாதுகாப்பு தருகிறது. 23-ஆம் பிரிவு ஒயினுக்கும் வடித்த மதுவகைகளுக்கும் மட்டும் கூடுதல் பாதுகாப்பு தருகிறது. வாங்குபவர் ஏமாந்தாரா என்று நிரூபிக்கத் தேவையே இல்லாத பாதுகாப்பு அது. பிரான்சின் ஒயினுக்கு உண்டு, நம் நெசவாளியின் சேலைக்கு இல்லை. இதை எல்லாப் பொருளுக்கும் விரிக்க வேண்டும் என்று இந்தியா நெடுங்காலமாகக் கேட்டு வருகிறது. ஒயின்காரர்கள் 1994-க்கு முன்பே தங்கள் கோப்போடு அந்த மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். நம் புவிசார் குறியீட்டுச் சட்டமே 1999-இல்தான் இயற்றப்பட்டது, 2003-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

நான் கொட்டான் பின்னுகிறவள், அண்ணே. நாடுகளின் பேச்சு எனக்கு எதற்கு? வெளிநாட்டுக்காரர் விலை கேட்டால் என்ன சொல்வது என்று சொல்லுங்கள்.

சரியான கேள்வி, அம்மா. விலை சொல்லுமுன் எந்த இடம் வரையிலான விலை என்று கேளுங்கள். உங்கள் வீட்டு வாசல் வரையா, தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும் வரையா, அவர் ஊர்த் துறைமுகம் வரையா? இன்கோடெர்ம்ஸ் என்ற பட்டியலில் இதற்குப் பதினொரு குறுஞ்சொற்கள் இருக்கின்றன. 'எஃப்.ஓ.பி.' என்றால் கப்பலில் ஏற்றும்வரை உங்கள் செலவு. 'சி.ஐ.எஃப்.' என்றால் கப்பல் கூலியும் காப்பீடும் உங்கள் தலையில். ஒரே கொட்டானுக்கு இரண்டு விலை வரும்.

அடுத்தது, ஒரு கொட்டானுக்கு ஓலை, சாயம், உங்கள் நேரம் எல்லாம் சேர்த்து அடக்க விலை என்ன என்று எழுதி வையுங்கள். அதற்குக் கீழே போனால் வேண்டாம் என்று சொல்லும் எண்ணை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். வாங்குபவர் முன்னால் முடிவு செய்யாதீர்கள். விலையில் விட்டுக்கொடுக்க நேர்ந்தால் வேறொன்றைக் கேளுங்கள்: பாதி முன்பணம், அல்லது பெரிய ஆர்டர், அல்லது கூடுதல் நாள். மரப்பெட்டியில் அனுப்பினால் பெட்டியில் பூச்சி நீக்கும் வெப்பச் சிகிச்சை முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை இல்லாத பெட்டியைப் பல நாடுகள் திருப்பி அனுப்பிவிடும்.

பழைய வீட்டுத் தேக்குத் தூணையும் கதவையும் ஏற்றுமதி செய்யலாமா?

நூறு ஆண்டைத் தாண்டிய கலைப்பொருள் என்றால் முடியாது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. அதைவிட இளையதா என்று சந்தேகம் வந்தால் தொல்லியல் துறையிடம் சான்று வாங்க வேண்டும். வீட்டைப் பிரித்து விற்பது பற்றி என் கருத்தை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: வேண்டாம்.

இதை முறையாக எங்கே படிக்கலாம்?

மாணவர்களுக்கு முதலில் உலக வர்த்தக அமைப்பின் இணையவழிப் பாடங்கள். இலவசம். ஜெனீவாவில் உள்ள பன்னாட்டு வணிக மையமும் சிறு தொழில்களுக்கான பாடங்களை இலவசமாகத் தருகிறது. பட்டம் வேண்டுமானால் 1963-இல் தொடங்கிய இந்திய அயல்நாட்டு வணிகக் கழகம் டெல்லியில் இருக்கிறது. உலக வர்த்தக அமைப்பு ஆய்வு மையமும் அதனோடு சேர்ந்தே வளர்ந்தது; பேச்சுக்குப் போகும் அதிகாரிகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். சட்டம் படித்தவர்களுக்கு வணிக, முதலீட்டுச் சட்ட மையம் உண்டு.

நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாத ஒன்று இந்திய வணிகப் பணி. குடிமைப் பணித் தேர்வு எழுதுபவர்கள் ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். என்று மட்டும் பேசுகிறார்கள். அதே தேர்வில் இந்தப் பணியும் இருக்கிறது. கடல் கடந்து கொண்டு விற்கப் போன ஊரிலிருந்து அதற்கு ஆட்கள் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஏற்றுமதி தொடங்குபவர்களுக்கு இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண் வேண்டும். இணையத்திலேயே வாங்கலாம். சந்தேகங்களுக்கு மதுரையில் வெளிநாட்டு வணிக இயக்ககத்தின் மண்டல அலுவலகம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. நம் பேச்சை டெல்லிக்கு எப்படிக் கொண்டுசேர்ப்பது?

ஒப்பந்தப் பேச்சுக்கு முன்னும் நடுவிலும் வணிக அமைச்சகம் தொழில் தரப்பின் கருத்தைக் கேட்கிறது. பெரும்பாலும் ஏற்றுமதி மேம்பாட்டு மன்றங்கள் வழியாக. கைத்தறிக்கான மன்றம் சென்னையிலேயே இருக்கிறது. கைவினைப் பொருளுக்கு ஒன்று, சிமெண்ட், பீங்கான் வகைகளுக்கு கேபெக்ஸில் என்று தனித்தனியே உண்டு. அவர்கள் கேட்கும்போது நாம் 'எங்கள் தொழில் நலிந்துவிட்டது, காப்பாற்றுங்கள்' என்று மனு எழுதுகிறோம். அதை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியும் மேசையில் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு பக்கம் போதும். பொருளின் எட்டு இலக்க எண். எந்த நாட்டுக்குப் போகிறது, அங்கே இப்போது என்ன வரி. எத்தனை பட்டறை, எத்தனை பேர். மூலப்பொருளில் வெளிநாட்டிலிருந்து வருவது எது. வரி இல்லாவிட்டால் எவ்வளவு விற்போம். வரியைத் தவிர வேறு தடை என்ன. எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கூடாது. உணர்ச்சி கடைசி வரியில் இருக்கட்டும்.

சென்ற மாதம் ஆத்தங்குடிப் பட்டறைக்காரர் மகன் ஒருவன் அப்படி ஒரு பக்கம் எழுதி வந்தான். வண்ணப் பொடியில் எவ்வளவு வெளியிலிருந்து வருகிறது என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தான். பிறப்பிட விதி அந்த இடத்தில்தான் பிடிக்கும் என்று சொன்னதும் அங்கேயே அப்பாவுக்கு போன் போட்டான். அவருக்கும் தெரியவில்லை, பொடி வாங்கும் மதுரைக் கடைக்குப் போய்க் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வரும் ஞாயிறு அந்த எண்ணைச் சேர்த்து, பக்கத்தை முடித்து அனுப்பிவிட்டு, கொட்டானுக்கு எழுதத் தொடங்குகிறோம்.